கெட்ட ரத்தம் என்று சொன்னார்கள்

பல்லுக்காக யாராவது ஆஸ்பத்திரியில் படுப்பார்களா என்று என்னிடம் கேட்டவர்கள் ஏராளம். அவர்களில் பாதிப் பேருக்கு, வாயைத் திறந்து கேட்கும்போதே ஈறு சிவந்து வீங்கியிருப்பது எனக்குத் தெரிந்தது. இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதலில் ஈறைத்தான் பார்க்கிறேன். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லி வாய் வலிப்பதைவிட ஒரே தடவை எழுதிவிடுவது நல்லது. எழுதுவது எனக்குத் தொழில்தான்.

கடலூரில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறேன். நிலம் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், தம்பி பங்கைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் என்று நாள் முழுக்க ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். வாயால் பொய் சொல்கிறவர்களை எதிரே உட்காரவைத்துக் கையால் உண்மையை எழுத வேண்டிய வேலை. அதனால் எனக்கு மனிதர்கள் மேல் பெரிய மதிப்பு கிடையாது. என் கணவர் குமரவேல் பேனரும் லேபிளும் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். அவருக்கு மனிதர்கள் மேல் மதிப்பு ஜாஸ்தி. அதிலும் அண்ணன் தட்சிணாமூர்த்தி என்றால் கேட்கவே வேண்டாம்.

தட்சிணாமூர்த்தி மாமா காட்டுமன்னார்கோயிலில் இருக்கிறார். பற்பொடி வியாபாரம். ரைஸ்மில்லிலிருந்து உமியை அள்ளி வந்து எரித்துக் கரியாக்கி, அதில் உப்பு, கிராம்பு, பெயர் சொல்லாத இரண்டு மூன்று வேர்கள் எல்லாவற்றையும் இடித்துச் சேர்ப்பார். 'வைரச்சிரிப்பு' என்று பெயர். டப்பா மேல் அவருடைய படம்தான் இருக்கும், வாய் நிறையப் பல் தெரியச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பைப் பார்த்தே பொடி வாங்கிய ஊர்க்காரர்கள் உண்டு. லேபிள் அச்சடித்துக் கொடுப்பது என் கணவர்.

கல்யாணமான புதிதில், காட்டுமன்னார்கோயில் வீட்டில் தங்கியிருந்தபோது, நான் பிரஷ்ஷும் பேஸ்ட்டுமாகக் கிணற்றடிக்குப் போனதை மாமா பார்த்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் பொடி விக்கிறவன் நானு. என் தம்பி பொண்டாட்டி நுரையத் துப்பிக்கினு நின்னா ஊரு இன்னா பேசும்?" என்றார்.

ஊர் என்ன பேசும் என்பதற்காக என் பற்கள் அன்று முதல் கரிக்குப் போயின. மாதம் தவறாமல் கடலூருக்கு டப்பா வந்துவிடும். என் கணவர் அதைப் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்குவார்.

ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது எப்போது என்று சரியாக ஞாபகம் இல்லை. பல் தேய்த்துத் துப்பினால் இளஞ்சிவப்பாக இருக்கும். பிறகு கொய்யாப் பழமோ கடலை உருண்டையோ கடித்தாலும் வந்தது. மாமாவிடம் கணவர் போனில் சொன்னார். ஸ்பீக்கரில் பதில் வந்தது:

"அது கெட்ட ரத்தம்டா. பொடி வேலை செய்யுதுன்னு அர்த்தம். வெளியேறட்டும், வெளியேறட்டும்."

ஆஹா, எப்பேர்ப்பட்ட வைத்தியர்! விரலில் வெட்டுப்பட்டு ரத்தம் வந்தால் அலறுகிற நாம், வாயில் தினம் ரத்தம் வந்தால் மட்டும் அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிடுகிறோம். நல்ல ஈறில் ரத்தம் வராது. தேய்த்தாலும் வராது, கடித்தாலும் வராது. இந்த ஒரு வரியை எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை. சொன்னவர்கள் எல்லாம் வேறு என்னென்னவோ சொன்னார்கள். வைட்டமின் குறைவு என்றாள் பக்கத்துக் கடைக்காரி. உடம்புச் சூடு என்றார் ஒரு கட்சிக்காரர், என்னிடம் கிரயப் பத்திரம் எழுத வந்த இடத்தில். மருந்துக் கடையில் கேட்டால் வலி மாத்திரையை நீட்டினார்கள். வலியே இல்லாத நோய்க்கு வலி மாத்திரை!

வலி இல்லை என்பதுதான் இந்த நோயின் சூழ்ச்சி. சொத்தைப் பல் என்றால் கூச்சல் போடும். ஈறு நோய் சத்தமே இல்லாமல் தின்னும். போதாக்குறைக்குப் பொடியில் கிராம்பு. கிராம்பு மரத்துப்போகச் செய்யும். ஏதோ கொஞ்சம் உறுத்தினாலும் காலையில் பொடி போட்டுத் தேய்த்ததும் சில்லென்று ஆகிவிடும். குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

அடுத்து வாய் நாற்றம். பத்திரம் படித்துக் காட்டும்போது எதிரே இருப்பவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார்கள். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். கீழ்ப்பல் ஒன்று நாக்கால் தள்ளினால் லேசாக அசைந்தது.

அப்போதுதான் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். மாடியில், கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கச் சிரிக்கிற வெள்ளைக்காரர்கள். நான் போன நேரமோ என் தலையெழுத்தோ, அங்கே இருந்தவர் வாய்க்குள் கண்ணாடியைக்கூட விடவில்லை. "பல்லு கருப்பா இருக்கு மேடம். வெள்ளையாக்கிடலாம், பேக்கேஜ் இருக்கு" என்றார். பல் ஆடுகிறதே என்றேன். "அதை எடுத்துட்டு பீங்கான்ல ஒண்ணு போட்டுட்டா இன்னும் அழகாயிடும்" என்றார். இடிந்து விழப்போகும் வீட்டுக்கு வெள்ளையடித்துத் தருவதாகச் சொன்ன அந்த மனிதருக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன். எனக்குப் பல் வைத்தியர்கள் எல்லோருமே இப்படித்தான் என்று ஒரு முடிவு வந்துவிட்டது. அந்த முடிவு என்னைக் கொல்லப் பார்த்தது.

மாமா பொடி அரைக்கப் புதிதாக ஒரு கூடம் கட்டினார். அதற்குப் பூஜை, சாப்பாடு என்று எல்லோரையும் அழைத்திருந்தார். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாளே எனக்கு வலது கீழ்த்தாடை வீங்கியிருந்தது. போகவேண்டாம் என்று சொன்னால் அண்ணன் என்ன நினைப்பார் என்று கணவர் முகம் வாடியது. போனோம்.

என்னைப் பார்த்ததும் மாமாவுக்கு உற்சாகம். வந்த ஆட்களுக்கு நடுவில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகத் தாடையில் பத்து போட்டார். மேலே உப்பு ஒத்தடம். "பழுத்து உள்ளேயே உடைஞ்சிரும். சாயங்காலம் பாருங்க, வீக்கம் இருந்த எடம் தெரியாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் அவருடைய விளம்பரப் பலகையாக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மதியப் பந்தி நடக்கும்போது வீக்கம் தாடையிலிருந்து மோவாய்க்கு அடியில் இறங்கி, இடதுபக்கமும் போய்விட்டது. கழுத்து கல்மாதிரி ஆனது. நாக்கை யாரோ கீழேயிருந்து மேலே தூக்குவதுபோல் இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் அது வாயோரம் வழிந்தது. பேசினால் வாயில் உருண்டையை வைத்துக்கொண்டு பேசுகிற குரல். காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. மாமா வந்து பார்த்தார். "பழுக்குது. நல்லதுதான். காலையில பாத்துக்கலாம்" என்று பந்தியைக் கவனிக்கப் போனார்.

அஞ்சலை அக்கா மாமாவின் மனைவி. அந்த வீட்டில் அவள் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. மாமா பேசி முடித்தால்தானே இன்னொருவர் பேச! பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவள் எனக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். அது உள்ளே இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. அக்கா என் முகத்தையே பார்த்தாள். டம்ளரை அப்படியே தரையில் வைத்தாள். நேராகப் பந்திக்குப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவரின் முன்னாலிருந்த இலையை மடித்து எடுத்துவிட்டாள்.

"எழுந்திரு தம்பி. வண்டிய எடு."

"அண்ணி, அண்ணன் காலையில..."

"காலையில அவ இருக்க மாட்டா. எழுந்திரு."

மாமா ஓடிவந்தார். "பத்து போட்டிருக்கேன், காத்துப் பட்டா கெட்டுரும்" என்றார். அக்கா என்னை மாமாவின் காரில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். கையில் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி இருந்ததைக் குமராட்சி தாண்டும்போதுதான் கவனித்தாள். படுத்தால் மூச்சு அடைத்தது. அதனால் என்னை முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே சிதம்பரம்வரை வந்தாள். வழி முழுக்க என் கண்ணுக்குத் தெரிந்தது என் மடியில் சொட்டிய எச்சில் மட்டும்தான். சாவு என்றால் கொஞ்சம் கம்பீரமாக வரும் என்று நினைத்திருந்தேன். பல்லிலிருந்தா வருவது என்று அவமானமாக இருந்தது.

சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் என்னைப் பார்த்த வேகத்திலேயே எனக்கு விஷயம் புரிந்தது. தாடையில் காய்ந்திருந்த மஞ்சளைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"சுகர் இருக்கா?"

"இல்ல சார்" என்றார் கணவர்.

"பாத்தீங்களா?"

"பாத்ததில்ல."

விரலில் குத்தினார்கள். மீட்டரைப் பார்த்த நர்ஸ் நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்திப் பார்த்தார். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. எத்தனை காலமாக இருந்ததோ! ஒரு ஊசிக்குத்தில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை, கழுத்து அடைத்த பிறகு தெரிந்துகொள்கிற குடும்பம் நாங்கள்.

அறுவை டாக்டர் கணவரைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னார். "ஈறுல இருந்த சீழ், தாடை எலும்பைத் தாண்டி நாக்குக்கு அடியில இருக்கிற இடத்துக்குப் பரவிடுச்சு. அந்த இடம் வீங்கினா நாக்கு மேல போகும், மூச்சுக் குழாய் அடைக்கும். உடனே கீறிச் சீழை எடுக்கணும். மூச்சு தாங்கலன்னா கழுத்துல துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டி வரும். சம்மதமா?"

என் கணவர் அப்போதும் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க. அஞ்சலை அக்கா அந்தப் போனைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, "சம்மதம்னு சொல்லு" என்றாள். சொன்னார்.

கழுத்தில் துளை போடாமலே முடிந்தது. மோவாய்க்கு அடியில் இரண்டு இடத்தில் கீறி, சீழ் வடிவதற்கு ரப்பர் குழாய் வைத்தார்கள். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லையும் அதன் பக்கத்துப் பல்லையும் எடுத்தார்கள். கையில் ஊசி வழியாக மருந்து, வயிற்றில் இன்சுலின். கட்டு மாற்றும்போது வரும் நாற்றத்துக்கு நானே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அக்கா திருப்பவில்லை. வழிவதைத் துடைத்துத் துடைத்துப் பஞ்சைக் குப்பையில் போடுவாள். இரவில் நான் தூங்காமல், தூங்கினால் மூச்சு நின்றுவிடுமோ என்று விழித்தே கிடப்பேன். அவளும் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பாள். கணவர் வெளியே வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். பகலில் அவர் செய்த ஒரே நல்ல காரியம், வீட்டில் கஞ்சி காய்ச்சி வடிகட்டி, அதையும் ஒரு துணியில் மறுபடி வடிகட்டிக் கொண்டுவந்தது. கடலூரிலிருந்து பஸ்ஸில். மூடியைத் திறந்தால் இன்னும் சூடாக இருக்கும். அதற்காக அவரை மன்னித்தேன்.

வாய் ஒரு விரல் அளவுகூடத் திறக்கவில்லை. ஐஸ்கிரீம் குச்சி மாதிரி மரத் தட்டைகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகி, தினம் ஒன்று கூடுதலாக வைத்துத் திறக்கப் பழக்கினார்கள். கண்ணில் நீர் வரும். அந்த வேளையில்தான் பார்வையாளர்கள் வருவார்கள், எனக்குப் பதில் பேச முடியாது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வந்தவர்கள்போல. "பல்லைப் புடுங்கினா கண்ணு போயிரும், தெரியுமா?" என்றாள் ஒரு சித்தி. பல்லுக்கும் கண்ணுக்கும் அப்படி ஒரு சம்பந்தமும் இல்லை. "கிளீன் பண்ணிடாத, பல்லெல்லாம் ஆட ஆரம்பிச்சிரும்" என்றார் கணவரின் நண்பர். நல்லெண்ணெய் கொப்பளித்திருந்தால் இது வந்திருக்காது என்று நர்ஸுக்கே பாடம் எடுத்தார் இன்னொருவர். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார், சர்க்கரை நோயில் வாய் திறக்காமல் கிடப்பவளுக்கு.

வீக்கம் வடிந்ததும் ஈறு நோய்ப் பிரிவிலிருந்து டாக்டர் ஆயிஷா வந்தார். பரங்கிப்பேட்டைப் பெண். பத்திரத்தில் தெளிவாக எழுதுவதுபோல் பேசுகிறவர், அதனாலேயே எனக்குப் பிடித்தது. வாய் முழுக்க ஒரே படமாக எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பல்லுங்கிறது எலும்புல நட்ட கம்பம். இந்தக் கோடு எலும்பு. இது இங்க, பல்லோட கழுத்துகிட்ட இருக்கணும். உங்களுக்கு இங்க இறங்கியிருக்கு. பாதிக் கம்பம் மண்ணுக்கு வெளிய நிக்குது."

எப்படி இறங்கியது என்று சைகையில் கேட்டேன்.

"சாப்பிட்டதும் பல் மேல வழவழன்னு ஒரு படலம் படியும். பூரா கிருமி. அதை எடுக்காம விட்டா கல்லாகும். அதுக்குப் பேரு காரை. காரை ஈறை உறுத்தும், ஈறு வீங்கும், ரத்தம் வரும். அந்தக் கட்டத்துல வந்திருந்தா சுத்தம் பண்ணி முழுசா சரிபண்ணியிருக்கலாம். விட்டுட்டா ஈறு பல்லை விட்டுப் பிரியும். நடுவுல ஒரு பை உண்டாகும். பைக்குள்ள பிரஷ்ஷும் போகாது, தண்ணியும் போகாது. உள்ளேயே அழுகி எலும்பைக் கரைக்கும்."

கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்த்தார். மூன்று மில்லிமீட்டர்வரை இருந்தால் பரவாயில்லையாம். எனக்குச் சில இடங்களில் கம்பி இறங்கிக்கொண்டே போனது.

"சுகர் ஜாஸ்தியா இருந்தா ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டா சுகர் கட்டுப்படாது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணை. பல்லு எதுல தேய்ப்பீங்க?"

அந்த நேரம் பார்த்துத் தட்சிணாமூர்த்தி மாமா உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் பை. பைக்குள் கையைவிட்டு டப்பாவை எடுத்து டாக்டரிடமே நீட்டினார்.

"இதுலதாம்மா. நம்ம தயாரிப்பு. நீங்க சின்னப் பொண்ணு, படிச்சிருக்கீங்க, இருந்தாலும் சொல்றேன். ரத்தம் வந்தப்பவே ஜாஸ்தியா போட்டு அழுத்தித் தேய்ச்சிருக்கணும். இவ சோம்பேறித்தனம் பண்ணிட்டா. இத்தினி வருஷமா நான் இதுலதான் தேய்க்கிறேன். பாருங்க!"

டப்பாவில் இருந்த அதே சிரிப்பைச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்களிலிருந்தெல்லாம் பார்த்தார்கள். வரிசை தப்பாத, பளிச்சென்ற பற்கள். டாக்டர் ஆயிஷா கொஞ்சம் குனிந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, வயதுக்கு மரியாதை கொடுத்தோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

கட்டில் ஓரத்தில் பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ஆமா டாக்டரம்மா. இவுரு கழட்டி வச்சித்தான் தேய்ப்பாரு."

அக்கா தொடர்ந்தாள். "எல்லாம் கட்டுன பல்லு. சொந்தப் பல்லு எல்லாம் ஆடி ஆடி விழுந்துருச்சி. வியாபார விசயமா வெளியூரு போறேன்னு போயி விழுப்புரத்துல கட்டிக்கினு வந்தாரு. ராத்திரி டம்ளர்ல போட்டு வப்பாரு. காலையில நான்தான் கழுவிக் குடுப்பேன். பேஸ்ட்டு போட்டு."

பக்கத்துக் கட்டிலில் கிள்ளை என்ற கடலோர ஊர்ப் பெண் ஒருத்தி, படகு இடித்துத் தாடை உடைந்து பற்களைக் கம்பியால் கட்டிப் படுத்திருந்தாள். அவள் வாய்விட்டுச் சிரிக்க முடியாமல் மூக்கால் சிரித்து, வலி தாங்காமல் தாடையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அதே நிலைதான். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. எந்தப் படத்தை வண்ணம் கூட்டிக் குறைத்து ஆயிரக்கணக்கில் அச்சடித்தாரோ, அந்தப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுசனுக்கு வயசானா பல்லு போறதுதான்" என்றார் மாமா. சத்தம் குறைந்திருந்தது.

"போகாது ஐயா" என்றார் டாக்டர். "வயசானா நரைக்கும். பல்லு நோயாலதான் போகும்."

மாமா டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். கதவருகே என் கணவரை நிறுத்தி, இவ்வளவுக்கும் பிறகு, அடுத்த லேபிள் எப்போது தயாராகும் என்று கேட்டார். வெட்கம் என்பதையும் டம்ளரில் போட்டு வைத்துவிட்டு வந்திருப்பார்போல.

"இனிமே நான் அடிக்க மாட்டேன்ணே" என்றார் கணவர்.

"அப்ப வேற கடையில அடிச்சிக்கிறேன்."

"அடிச்சிக்க."

என் கணவர் அண்ணனிடம் சொன்ன முதல் மறுப்பு அது. சொல்லிவிட்டு வந்து கஞ்சிப் பாத்திரத்தைத் திறந்தார். நான் குச்சிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் ஆயிஷா அடுத்த கட்டிலுக்குப் போகத் திரும்பினார். அஞ்சலை அக்கா எழுந்து அவர் எதிரே போய் நின்றாள்.

"டாக்டரம்மா, எனக்கும் வருது. ரத்தம். ரொம்ப நாளா."

அங்கேயே ஜன்னல் பக்கம் நிற்கவைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார் டாக்டர். ஈறு வீங்கியிருந்தது, சில இடங்களில் பை ஆரம்பித்திருந்தது, ஆனால் எலும்பு பெரும்பாலும் இருந்தது. "நல்ல நேரத்துல கேட்டீங்க" என்றார். அக்கா அழுதாள். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகுதான் உண்மையான வைத்தியம் ஆரம்பித்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் நான் கடலூரிலிருந்தும் அக்கா காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் சந்திப்போம். முதலில் ஸ்கேலிங். அதிர்கிற ஒரு முனையால் காரையைப் பெயர்த்து எடுப்பது. தண்ணீர் பீய்ச்சும், கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற கதை எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. பல்லிடுக்கெல்லாம் காரை அடைத்துச் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் இடைவெளி தெரியும், ஏற்கெனவே எலும்பு இழந்த பல் ஆடுவதும் தெரியும். இடைவெளியை உண்டாக்கியது நோய். பழி சுத்தம் செய்தவர் மேல்.

அக்காவுக்கு அதோடு வேர்ப்பகுதியையும் மரத்துப்போக ஊசி போட்டுச் சுரண்டி வழவழப்பாக்கினார்கள். ஈறு மறுபடி பல்லோடு ஒட்டிக்கொள்ள அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஆழமான பைகள் இருந்த இடத்தில் ஈறைக் கீறித் திறந்து, உள்ளே சுத்தம் செய்து, தையல் போட்டு மூடினார்கள். ஃப்ளாப் என்கிறார்கள். போன எலும்பு திரும்ப வந்ததா என்றால் பெரிதாக இல்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இத்தனை பாடு. மேலும் ஒரு பல்லை எடுத்தாயிற்று. இடது பக்கம் மட்டும்தான் மெல்லுகிறேன்.

மெத்தென்ற பிரஷ். அதை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, மெதுவாக, சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்க்கக் கூடாது. காலையிலும் இரவு படுக்கும் முன்னும். பல்லிடுக்குக்குச் சின்னதாகப் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி ஒன்று இருக்கிறது, அதைத் தினம் விட்டு எடுக்க வேண்டும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விடக் கூடாது. வருகிற இடத்தில்தான் அழுக்கு இருக்கிறது. புகையிலை கூடாது. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வாயைக் காட்ட வேண்டும். இவ்வளவுதான் ரகசியம். இதைச் செய்யச் சோம்பிக்கொண்டு வேர், கரி, கொப்பளிப்பு, ஃபார்வேர்டு மெசேஜ் என்று அலைகிறார்கள். வைரச்சிரிப்பு இப்போதும் விற்கிறது. வேறு கடையில் லேபிள் அச்சாகிறது. மாமா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். அக்கா மட்டும் அந்தப் பற்களைக் கழுவிக் கொடுப்பதில்லை.

போன வாரம் இருவருக்கும் மறுபரிசோதனை. டாக்டர் ஆயிஷா அக்காவின் ஈறைச் சுற்றிக் கம்பியை விட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பல்லாக. ஒரு இடத்திலும் ரத்தம் வரவில்லை. "எல்லாப் பல்லும் உங்களுக்கே" என்றார். அக்கா நாற்காலியிலிருந்து இறங்கிக் கண்ணாடி எதிரே நின்று உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தள்ளுவண்டியில் கரும்பைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருந்தார்கள். தோல் சீவித் தரட்டுமா என்றான் வண்டிக்காரன். "வேணாம், அப்படியே குடு" என்று வாங்கிக்கொண்ட அக்கா, கடைவாயில் வைத்து ஒரே இழுப்பில் தோலை உரித்தாள். சத்தம் கேட்டு எனக்கே பல் கூசியது. பொறாமையாகவும் இருந்தது.

அவள் போன் அடித்தது. மாமா. நான் நின்ற இடத்துக்கே குரல் கேட்டது.

"எங்க இருக்க? சோறு யாரு போடறது?"

அக்கா மென்றுகொண்டே நின்றாள். சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:

"கரும்பு கடிச்சிக்கினு இருக்கேன். முடிச்சிட்டு வரேன்."

போனை வைத்துவிட்டு அடுத்த கணுவுக்குப் போனாள்.